துணிக்குள் வந்த நடை

கெவின், கோபத்தோடு என்றாலும் இதைக் கடைசிவரை வாசி.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நீ என்னோடு கதைக்கவில்லை. அம்மாவுக்குத்தான் போன் எடுக்கிறாய். முந்தாநாள் அவள் சமைத்துக்கொண்டு உன்னை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் வாசலில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தேன். "அப்பாவுக்கு வெக்கம், அம்மா. மருமகள் கறுப்பு எண்டு வெக்கம். அத்தினை பேருக்கு முன்னால எழும்பி ஓடினவர். ஐ ஸோ ஹிம்" என்று நீ சொன்னது எனக்குக் கேட்டது. என்னைக் கண்டதும் அம்மா அடுப்பைக் குறைத்தாள், ஆனால் உன்னை நிறுத்தவில்லை. நீ சொல்வது சரியோ என்று அவளுக்கும் ஒரு சந்தேகம் இருந்திருக்கும். கல்யாணத்துக்கு அப்பா வருவாரா என்று அவளிடம் கேட்டாய். என்னிடம் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். வாயால் சொல்ல வெளிக்கிட்டால் பாதியில் விட்டுவிடுவேன். என்னுடைய இங்கிலீசு டொக்டரோடும் மனேஜரோடும் கதைக்க மட்டும்தான் காணும். சின்ன வயதில் உன்னை அழ அழத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது ஒரு பலன் இருக்கட்டும். எழுத்துக் கூட்டியென்றாலும் ஆறுதலாக வாசி. பிறகு நீ கட்டப்போகிற யெதுண்டேக்கும் வாசித்துச் சொல். அவளுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

எனக்கு வெட்கம் இல்லை, மகன். பயம். நான் பயந்து ஓடினேன்.

யெதுண்டேயை நீ முதன்முதலாக எங்களுடைய டோர்செட் பார்க் வீட்டுக்குக் கூட்டிவந்த நாளில் லிஃப்ற் பழுது. இரண்டு பேரும் படியேறி மூச்சுவாங்க வந்தீர்கள். அவள் வாசலிலேயே முழங்காலை மடித்து அம்மாவை வணங்கினாள். அம்மா பதறிப்போய், "ஐயோ, என்ன பிள்ளை, எழும்பு எழும்பு" என்று தூக்கினாள். அது அவர்களுடைய வழக்கம் என்று நீ சொன்னாய். நண்டுக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு உறைப்புக் காணாது என்று சொன்ன ஒரே விருந்தாளி அவள்தான். சொந்தக்காரர் சிலர் அவளைப்பற்றி என்னிடம் கேட்ட கேள்விகள் உனக்குத் தெரியும். நான் கொடுத்த பதில்கள் உனக்குத் தெரியாது. அவற்றை இங்கே எழுதிப் பெருமை தேட மாட்டேன்.

அன்றைக்கு, "என்ன வேலை பிள்ளை செய்யிறீர்?" என்று கேட்டேன். துணியால் கலைவேலை என்று நீ விளக்கத் தொடங்கினாய். "தையலோ?" என்றேன். நீ தலையில் கைவைத்தாய். அவள் சிரித்துக்கொண்டு, உன்னிடம் பழகிய தமிழில், "ஓம் அங்கிள், தையல்" என்றாள். பிறகு போனில் படங்கள் காட்டினாள். நைஜீரியாவில் யொருபா மக்களின் ஊர்களில், செத்தவர்கள் வருசத்தில் ஒரு காலத்தில் பிள்ளைகளைப் பார்க்கத் திரும்பி வருவார்களாம். எகுன்குன் என்று பெயர். தலையிலிருந்து பாதம்வரை துணி. கை தெரியாது, கால் தெரியாது, முகத்துக்கு ஒரு பின்னல் வலை. உள்ளே நிற்பது யார் என்று கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. அந்த நேரம் வந்திருப்பது குடும்பத்தின் முன்னோர், அவ்வளவுதான். அது சுழன்று ஆடும்போது துணிப்பட்டிகள் எழும்பிக் காற்று வீசும். அந்தக் காற்றுப் பட்டால் ஆசீர்வாதம். ஒவ்வொரு தலைமுறையும் பழைய துணிக்குமேல் தன் துணியைத் தைத்துக்கொண்டே போகும்.

"நான் செய்வது உண்மையான எகுன்குன் இல்லை, அங்கிள்" என்று தெளிவாகச் சொன்னாள். "அது ஊரில், குடும்பத்து ஆண்களின் பொறுப்பில் இருப்பது. நான் ரொறன்ரோவில் வளர்ந்த பெண். இதைத் தைக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டுத்தான் தைக்கிறேன்." செத்துப்போன தன் தகப்பனின் பெரிய வெள்ளை அங்கியையும், அவர் இங்கே செக்கியூரிட்டி வேலைக்குப் போட்ட யூனிபோமையும் அதில் தைத்திருந்தாள். இனி இரண்டு குடும்பமும் ஒன்றுதானே, உங்கள் பக்கத்திலிருந்தும் இறந்தவர் ஒருவரின் துணி தருவீர்களா என்று கேட்டாள். நான் யோசிக்கவேயில்லை. என் அம்மாவின் கத்தரிப்பூ நிறச் சேலையை எடுத்துக் கொடுத்தேன். அவ வயது போய், மாதா கோயிலில் பூசை வைத்து, அடக்கம் பண்ணப்பட்டவ. அவவின் துணியைக் கொடுக்க எனக்கென்ன பயம்?

பயம் பிறகுதான் வந்தது. சேலையை மடித்துக்கொண்டே யெதுண்டே தன் பெயரின் அர்த்தத்தைச் சொன்னாள். 'அம்மா திரும்பி வந்துவிட்டாள்' என்பதாம். தகப்பனின் தாய் செத்தபிறகு பிறந்த பிள்ளை என்பதால் அந்தப் பெயர். "கெவின் என்றால் என்ன அர்த்தம், அங்கிள்?" என்று கேட்டாள். தெரியாது என்று சொன்னேன். உண்மையான பதில் வேறு.

உனக்கு யூட் என்று ஒரு சித்தப்பா இருந்தார். பார், 'இருந்தார்' என்று எழுதிவிட்டேன். 'இருக்கிறார்' என்று எழுதவும் கை வருகுதில்லை. காணாமல் போனவர் என்று மட்டும் உனக்குச் சொல்லியிருக்கிறோம். நீ பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அம்மா கேட்டாள்: "இஞ்சாருங்கோ, யூட் எண்டு வைப்பமே?" நான் கத்திவிட்டேன். பச்சை உடம்புக்காரியிடம் கத்தினேன். எங்கள் வழக்கத்தில் செத்தவர்களின் பெயரைத்தானே பிள்ளைக்கு வைப்பது? வைத்தால் அவன் செத்துவிட்டான் என்று நானே கையெழுத்துப் போட்டதாகிவிடும். சுவரிலிருந்த ரீவியில் ஹொக்கி ஓடிக்கொண்டிருந்தது. அதில் காதில் விழுந்த பெயரைச் சொன்னேன். எங்கள் பரம்பரையில் அந்தப் பெயரில் பிறந்தவனும் இல்லை, செத்தவனும் இல்லை. நவம்பர் மாதத்தில் மரித்தவர்களுக்கான பூசைக்குக் கோயிலில் பெயர்கள் கேட்பார்கள். என் ஐயாவின் பெயரைக் கொடுப்பேன், என் அம்மாவின் பெயரைக் கொடுப்பேன். தம்பியின் பெயரைக் கொடுத்ததில்லை.

இனி அந்தச் சனிக்கிழமை, யெதுண்டேயின் கண்காட்சி தொடங்கிய நாள். நான் சந்தோஷமாகத்தான் வந்தேன், மகன். மேற்குப் பக்கத்தில் பழைய தொழிற்சாலையை வெள்ளையடித்து ஆக்கிய அந்தக் கலரி எனக்குப் பிடித்திருந்தது. கூரையிலிருந்து தொங்கவிட்ட நீலச்சாயத் துணிகளுக்குள்ளால் நடந்துபோகக் குளிர்ச்சியாக இருந்தது. பித்தளைத் தாம்பாளத்தில் ஒன்ராறியோ ஏரித் தண்ணீரும் தேனும் கலந்து, அவளுடைய ஊரில் கும்பிடும் ஆற்றுத் தாய்க்கென்று வைத்திருந்தாள். அதற்கு முன்னால் என்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டேன். நீ எங்கே என்று அம்மா தேடினாள். பின்னால் உதவி செய்கிறான் என்று யாரோ சொன்னார்கள். முன்வரிசையில் இருந்தோம். மேளம் தொடங்கியது. பக்கக் கதவால் அது வந்தது.

முதலில் அழகாகத்தான் இருந்தது. வெள்ளை அங்கி, சரிகை, யூனிபோமின் தோள்பட்டி, எல்லாம் பட்டி பட்டியாகத் தொங்கின. "மாமியின்ர சேலை, பாருங்கோ" என்று அம்மா என் கையைத் தட்டினாள். பிறகு அது மேளத்தை விட்டு விலகிச் சாதாரணமாக நாலடி நடந்தது. கால் மூடியிருந்தாலும் துணி அசைந்த விதத்தில் நடை தெரிந்தது. வலது காலைச் சற்று வெளியே எறிந்து, குதியை இழுத்து. மகன், அது யூட்டின் நடை. உனக்கும் அந்த நடை இருக்கிறது. நீ நடக்கப் பழகிய நாளிலேயே கண்டேன், ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் முகம் இருக்கும்போது நடை கண்ணில் படுவதில்லை. அன்றைக்கு முகம் இல்லை. நடை மட்டும் வந்தது. இதற்குள் வருகிறவர்கள் செத்தவர்கள் என்று யெதுண்டே சொல்லியிருந்தாள். அப்படியென்றால் தம்பி? அதை நினைத்து முடிக்குமுன் அது எனக்கு நேரே வந்து நின்றது. கறுத்த வலை என் பக்கம் திரும்பியது. மெல்லத் தலையை ஆட்டியது.

நான் கதிரையைத் தள்ளி விழுத்திவிட்டு ஓடியது அப்போதுதான்.

வெளியே நடைபாதையில் யெதுண்டேயின் அம்மா நின்றா. பெரிய மஞ்சள் தலைத்துணி, கையில் பைபிள் பை. உள்ளே வரமாட்டேன் என்று தொடக்கத்திலிருந்தே அங்கேயே நின்றிருக்கிறா. அதுவும் உனக்குத் தெரிந்திருக்காது. என்னைக் கண்டதும், "நீங்களும் ஓடி வந்துவிட்டீர்களா, பிரதர்?" என்று கேட்டா. சின்னப் பிள்ளையாக இருந்தபோது எகுன்குன் பிரம்போடு துரத்தும், கட்டிலுக்குக் கீழே ஒளிப்பேன், இயேசுவிடம் வந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை என்றா. பிறகு குரல் தணிந்துபோய், "என் மனுசனின் யூனிபோம் அதில் இருக்கிறது. அதை எத்தனை தரம் இஸ்திரி போட்டிருப்பேன். அது எழும்பி நடப்பதைப் பார்த்தால் நான் விழுந்துவிடுவேன்" என்றா. என் இரண்டு கைகளையும் பிடித்து, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, உரத்த குரலில் செபித்தா. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கைகள் சூடாக இருந்தன. அவ 'ஆமென்' சொன்னதும் நானும் 'ஆமென்' சொல்லிவிட்டு, அம்மாவுக்குக்கூடச் சொல்லாமல் ஸ்றீட்கார் ஏறிவிட்டேன்.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். சண்டைக் காலத்தில் ஒருநாள் காலையில் ஆமிக்காரர் எங்கள் ஊரைச் சுற்றிவளைத்து, ஆண்கள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள். யூட் அப்போது சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தான். ஐயா ஒரே துணியில் எடுத்துத் தைப்பித்த சேட்டுகளைத்தான் இரண்டு பேரும் போட்டிருந்தோம். ஜீப்பிலிருந்து ஒருவனை இறக்கினார்கள். அவன் தலையைச் சாக்கால் மூடியிருந்தார்கள். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தலையாட்டி என்று சொல்லுவோம். போராளிகள் என்று பிடிபட்டவர்களில் ஒருவனை அடித்து உடைத்து, மற்றவர்களைக் காட்டிக்கொடுக்கக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவனுக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்கவேண்டும். அவன் சும்மா நின்றால் வீட்டுக்குப் போகலாம். தலையை ஆட்டினால் லொறி. யூட் முன்னால் போனான், நான் அவனுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில். சாக்கு எங்கள் பக்கம் திரும்பியது. அசைந்தது. துவக்கோடு நின்றவன் யூட்டின் தோளைப் பிடித்தான். நான் தம்பியின் முகத்தைக் காணவில்லை. லொறியை நோக்கி அவன் நடந்துபோன முதுகைத்தான் கண்டேன். வலது காலைச் சற்று வெளியே எறிந்து, குதியை இழுத்து. அதற்குப் பிறகு எந்த முகாமிலும், எந்தச் சிறையிலும், எந்தச் செய்தியிலும் அவன் இல்லை.

உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. நீ பாலர் வகுப்பில் படித்த காலத்தில், பனி கொட்டிய ஒருநாள், அம்மா வாங்கித்தந்த முகம் மூடுகிற கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னாலிருந்து குதித்தாய். என்னை வெருட்டத்தான். நான் அதை உன் தலையிலிருந்து பிடுங்கிய வேகத்தில் உன் காது சிவந்துபோனது. நீ பகல் முழுக்க அழுதாய். ஹலோவீனுக்குப் பிள்ளைகள் வேடம் போட்டுக் கதவைத் தட்டும்போது நான் ஏன் உன்னைக் கூட்டிக்கொண்டு மோலுக்குப் போனேன் என்றும் நீ கேட்டதில்லை. அப்பாவுக்குப் பகிடி விளங்காது என்று நினைத்திருப்பாய். பயந்தவனின் வீட்டில் வளர்ந்த பிள்ளை நீ. பயம் என்று பெயர் தெரியாமலே வளர்ந்தாய்.

நீ போனை வைத்த பிறகுதான் அம்மா சொன்னாள்: "உள்ளுக்கை நிண்டது உங்கட மகன். தெரியுமோ உங்களுக்கு? உங்களைக் கும்பிடத்தான் தலையைக் குனிஞ்சவனாம்." அடுத்தநாள் யெதுண்டேக்குப் போன் எடுத்துக் கேட்டுக்கொண்டு, கெனடி ஸ்ரேசனில் சப்வே ஏறி, சென் ஜேம்ஸ் ரவுணில் அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். அகதியாக வந்து இறங்கியதும் நான் இருந்த கட்டடத்துக்குப் பக்கத்துக் கட்டடம் அது. அந்த நாளில் கட்டடத்துக் காவலாளிகளைக் கண்டாலும் சுவரோரமாகப் போவேன்.

மேலே நீ வாசித்ததையெல்லாம் தெரிந்த இங்கிலீசில் அவளுக்குச் சொன்னேன். சொல் வராத இடத்தில் என் சால்வையால் தலையை மூடிக் காட்டினேன். அவள் அழவில்லை. கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, "அவருடைய பெயர் என்ன, அங்கிள்?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். அந்த எகுன்குன் துணியைக் கண்காட்சியிலிருந்து எடுத்துவிடவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். தையல் விட்ட இடங்களைச் சரிசெய்யக் கொண்டுவந்திருந்த அது மூலையில், ஆள் இல்லாமல், ஒரு தாங்கியில் நின்றது. "இதுக்குள்ள நான் ஒருக்காப் போகலாமோ?" என்று ஏன் கேட்டேன் என்று எனக்குத் தெரியாது. "உண்மையானது என்றால் உங்களை அண்டவே விடமாட்டார்கள். இது என் தையல். போகலாம்" என்றாள்.

அது பாரம், மகன். உள்ளே பூச்சி உருண்டை மணம், உன் வியர்வை மணம். அவள் ஜன்னலடியில் நின்றாள். வலைக்குள்ளால் ஓர் ஆள் நிற்பது தெரிந்தது. முகம் தெரியவில்லை. "பிள்ளை, நீர் சிரிக்கிறீரோ, அழுகிறீரோ?" என்று கேட்டேன். "இரண்டும் இல்லை, அங்கிள். உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்" என்றாள். கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். ஓர் உருவம், சட்டையின் நிறம், அவ்வளவுதான். நீயும் அன்றைக்கு நான் எழும்பி ஓடியதைத்தான் கண்டிருப்பாய். என் முகத்தைக் கண்டிருக்க மாட்டாய். கண்டிருந்தால் வெட்கம் என்று சொல்லியிருக்க மாட்டாய்.

பிறகு வேறொன்று நினைவில் ஏறியது. அதனால் நேற்றிரவு நான் சரியாக நித்திரை கொள்ளவில்லை. சாக்குக்குள் நின்றவனுக்கு மட்டும் என்ன தெரிந்திருக்கும்? ஒரே துணியில் சேட்டுப் போட்ட இரண்டு பெடியங்கள், ஒருவனுக்குப் பின்னால் ஒருவன். அவன் யூட்டைத்தான் காட்டினானா? என்னையா? வெயிலுக்குத் தலையைத் திருப்பினானா? அவனும் எங்களைப்போல ஒரு பெடியன்தானே. அவனுக்கும் நடுங்கியிருக்கும். இத்தனை காலம் அவனுக்குத்தான் பயந்தேன். இப்போது என் உயிரைக் கண்டே பயமாக இருக்கிறது, அது எனக்கென்று தரப்பட்டதா, தவறி வந்ததா என்று தெரியாத பயம். உன்னைப் பார்க்கும்போதும் அதே பயம். நான் அந்த லொறியில் ஏறியிருந்தால் நீ இல்லை.

துணியைக் கழற்றியதும் அவளிடம் கேட்டேன், தம்பி இதற்குள் வந்தான் என்றால் அவன் செத்துவிட்டானா என்று. வேறு யாரும் என்றால் ஆறுதலுக்கு ஒரு பதில் சொல்லியிருப்பார்கள். "எனக்குத் தெரியாது, அங்கிள். தெரியும் என்று பொய் சொல்ல மாட்டேன். அன்றைக்கு உள்ளே நின்றவர் உயிரோடுதான் இருக்கிறார். உங்கள்மேல் உள்ள கோபத்தை என்மேல் காட்டிக்கொண்டு திரிகிறார்" என்றாள். நல்ல பிள்ளை. இவளிடம் பொய் சொல்லி வாழலாம் என்று நினையாதே. அவள் ஒருநாள் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போவாள், எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். என்ன காரணம் என்று நீயே முடிவெடுத்துக்கொண்டு இருந்துவிடாதே. பின்னால் போய் முகத்தைப் பார். நீங்கள் விட்பியில் வாங்கியிருக்கும் புது வீட்டுக்குப் போன பிறகு பிள்ளை பிறந்தால், என்ன பெயர் வைப்பது என்று என்னைக் கேட்காதே. பயந்தவன் சொல்லும் பெயர் பிள்ளைக்கு வேண்டாம்.

வருகிற சனிக்கிழமை கண்காட்சியின் கடைசி நாள், அது இன்னொரு தரம் ஆடும் என்று யெதுண்டே சொன்னாள். அவளுடைய ஊரில் எகுன்குன் வரும்போது சனம் வாய்மூடி நிற்பதில்லையாம். முன்னால் போய்ப் பெயரும் புகழும் சொல்லிக் கூப்பிடுவார்களாம். எவ்வளவு வேகத்தில் வந்தாலும் தன்னைக் கூப்பிடும் குரலுக்கு அது நிற்குமாம். "பயமாக இருந்தால் கூப்பிடுங்கள், அங்கிள்" என்றாள். நான் வருகிறேன், மகன். கல்யாணத்துக்கும் வருகிறேன், அதற்கு முதல் இதற்கு வருகிறேன். யெதுண்டேயின் அம்மாவுக்கும் போன் எடுத்துக் கதைத்தேன். நீங்கள் உள்ளே போனால் நானும் வருவேன் என்றா. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து நடுங்கப்போகிறோம். பயம் போய்விட்டது என்று எழுதினால் நல்ல முடிவாக இருக்கும். போகவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்கு முன்னால் வரும்போது தலையை ஆட்டாதே. கும்பிடுவதற்கென்றாலும் வேண்டாம். அசையாமல் நில். நான் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். சத்தமாகத்தான் வரும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். உள்ளே யார் என்று சொல்லக்கூடாது என்பது அவர்களுடைய வழக்கம். எனக்காக ஒருமுறை விடலாமோ என்று யெதுண்டேயிடம் கேட்டேன், ஓம் என்றாள். நீளமாக ஒன்றும் சொல்லவேண்டாம். வலைக்குப் பின்னாலிருந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "ஓம் அப்பா" என்று சொன்னால் காணும். நான் எழும்ப மாட்டேன்.

பயத்தோடும் அன்போடும்,
அப்பா